வாத்துத் தீவுக்கு வடம் பிடித்தது

மார்ன் ஆறு பாரிசுக்குப் போகிற வழியில், அங்கே போய் அப்படி என்ன அவசரம் என்று யோசித்ததுபோல மூன்று தடவை வளைந்து திரும்புகிற இடத்தில் ஒர்வில் என்ற எங்கள் ஊர் இருக்கிறது. எங்கள் ஊர் என்று நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். முப்பது வருடமாக ஒரே பேக்கரியில் பாண் வாங்கி, ஒரே ரயிலைத் தவறவிட்டு, ஒரே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

முதலில் அங்கே ஒரு தோணித்துறை மட்டும்தான் இருந்ததாம். தோணித்துறைக்குப் பக்கத்தில் தேவாலயம் வந்தது, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த குன்றைக் குடைந்து சுவருக்குப் பூசும் சாந்துக்கு வெள்ளைக் கல்லை எடுக்கிறவர்கள் வந்தார்கள், அந்தக் கல்லைப் பாரிசுக்கு ஏற்றிப்போகப் படகுகள் வந்தன, கல்லை இறக்கிவிட்டு வெறுமையான படகுகளை எதிர்நீரில் திருப்பி இழுத்துவரத் தோளில் வார்ப்பட்டி கட்டிய மனிதர்கள் வந்தார்கள், அவர்கள் நடந்து நடந்தே கரையோரமாக ஒரு பாதை உண்டாயிற்று. மனிதர்களுக்குப் பிறகு குதிரைகள் இழுத்தன, குதிரைகளுக்குப் பிறகு இயந்திரங்கள் இழுத்தன, பாதை மட்டும் அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசிலிருந்து ஆட வருகிறவர்களுக்காக அந்தப் பாதை நெடுக நடனச்சாலைகள் முளைத்தன, நடனச்சாலைகளுக்குக் கீழே சிப்பியில் பொத்தான் செய்கிற தொழிற்சாலை முளைத்தது, தொழிற்சாலைக்குப் போர்த்துக்கல்காரரும் அல்ஜீரியரும் வந்தார்கள், அவர்களைக் குடிவைக்க ஆற்றின் கீழ்முனையில் மாடிக் கட்டடங்கள் எழும்பின, தொழிற்சாலையை மூடிவிட்டு எல்லோரும் ஓய்ந்திருந்த நேரத்தில், காலியான மாடிகளுக்கு இலங்கைத் தமிழர் நாங்கள் வந்தோம். ஆக, எங்கள் ஊரின் வரலாறு என்பது ஆட்கள் வந்து சேர்ந்த வரலாறு. இடமும் அதே வரிசைதான்: மேலே பாலம், பாலத்துக்குக் கீழே பெரிய தோட்டம் வைத்த வீடுகள், அவற்றுக்கு எதிரே ஆற்று நடுவில் வாத்துத் தீவு, பிறகு தேவாலயம், நடனச்சாலைகள், மூடிய தொழிற்சாலை, எங்கள் மாடிகள், எல்லாவற்றுக்கும் கீழே இரவும் பகலும் இரைகிற அணைக்கட்டு.

அந்த வாத்துத் தீவில்தான் பவளராணி இருந்தாள். கால்பந்து மைதானத்தை நீளவாக்கில் மடித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் தீவு. அதில் ஒரு வரிசை பொப்ளார் மரங்கள், கதவில் பலகை அறைந்து மூடிய பழைய நடனச்சாலை ஒன்று, ஓட்டுக் கூரை போட்ட ஒரு வீடு, கரைக்கு வர ஒரு நடைபாலம். அடிக்கடி வெள்ளம் ஏறுகிற வீட்டை வெள்ளைக்காரர் யாரும் விரும்பாததால், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற பவளராணிக்கும் பாரிசில் உணவகத்தில் கோப்பை கழுவுகிற அவளுடைய புருஷன் சிவநேசனுக்கும் அது வாய்த்தது. எழுவைதீவில் பிறந்தவள் பிரான்சுக்கு வந்தும் ஒரு தீவைத் தேடிப் பிடித்துவிட்டாள் என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீவில் பூசணியும் கீரையும் பச்சை மிளகாயும் நட்டாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முன்னால் இருக்கிறவர் முதலில் கேட்கிற கேள்வி, இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், எப்போது இடம் மாறினீர்கள் என்பதுதான். பவளராணி விரல் மடக்கிச் சொல்வாள்: எழுவைதீவு, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா. நல்ல உரத்த குரல்காரி, ஆனால் அந்த நாலு பெயரைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய குரல் இறங்கிவிடும், ஏதோ நாலு இடத்திலும் அவளே பிழை செய்துவிட்டு வந்ததுபோல. பக்கத்தில் நின்று கேட்கிற நாங்கள் மடங்குகிற அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பனிக்காலத்து வெள்ளம் வடிந்து, கரையில் மஞ்சள் பூக்கள் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேலைக்குப் போகக் கதவைத் திறந்த பவளராணி, நடைபாலத்தின் தீவுப்பக்க நுனி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பதையும், தீவு ஒரு பேருந்தின் நீளமளவு கீழே இறங்கி வந்திருப்பதையும் கண்டாள். கோழிகள் வழக்கம்போலக் கொத்திக்கொண்டிருந்தன. அவள் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, வீடு கொஞ்சம் நகர்ந்துவிட்டது, ஆகையால் பிந்தித்தான் வருவேன் என்று சொன்னாள். சமையலறைப் பொறுப்பாளர், பரவாயில்லை, இன்றைக்கு மீன்தான், தோல் உரிக்கிற வேலை இல்லை என்றார்.

ஏன் நகர்ந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அடியில் சரளைக்கல்லை யாரோ அள்ளிவிட்டார்கள் என்றார்கள் சிலர். ஒரு தீவு எத்தனை காலத்துக்குத்தான் பணக்காரர் வீடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றார்கள் எங்கள் மாடிக்காரர். இரண்டு நாளில் காரணத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஏனென்றால் தீவு போய்க்கொண்டே இருந்தது, அதற்கேற்ப வேலைகளை மாற்றவேண்டியிருந்தது. தபால்காரர் ஒரு சிறு துடுப்புப் படகு இரவல் வாங்கினார். பெரிய வீட்டுக்காரர்கள் தங்களுடைய ஆற்றுக் காட்சி திறந்துவிட்டதென்று முதல் கிழமை மகிழ்ந்து, எதிர்க்கரைக் குப்பைத் தளம் கண்ணில் படுகிறதென்று இரண்டாம் கிழமை முறைப்பாடு செய்தார்கள். தேவாலயத்துக்கு நேரே தீவு வந்தபோது, பொப்ளார் நிழலில் மணிக்கூண்டுக் கடிகாரம் தெரியாமல் போய், பாதிரியாரின் பூசை பிந்தியது. நடனச்சாலைகளுக்கு நேரே வந்தபோது, தீவிலிருந்த பழைய நடனச்சாலையின் கதவு தானாகத் திறந்துகொண்டதென்றும், கரையிலிருந்த கிழடுகட்டைகள் அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தார்களென்றும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

பாவம், சிவநேசன்தான் அலைந்தார். வேலை முடிந்து ரயிலிறங்கி, வீடு இப்போது எங்கே நிற்கிறது என்று பாண் கடையில் விசாரித்துக்கொண்டு, அதற்கு நேரே போய்க் கரையில் நின்று கூப்பிடுவார். பவளராணி வாழைக்காய்ப் பொரியலும் சோறும் கட்டிக்கொண்டு, தபால்காரரிடம் படித்த மாதிரியே துடுப்புப் போட்டு ஒரு சிறு படகில் வந்து அவரை ஏற்றிப்போவாள். வீடு தன் பாட்டில் கீழே கீழே வந்துகொண்டிருந்தது, மிளகாய்ச் செடியும் தன் பாட்டில் பூத்துக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையைத் தாண்டியபோதுதான் ஊருக்கு அணைக்கட்டின் நினைவு வந்தது. அணையில் முட்டினால் தீவு நொறுங்கும். நொறுங்கிய மண்ணும் மரமும் மதகை அடைத்தால் கீழ்த்தெருக்களில் தண்ணீர் ஏறும். ஆற்றுக்குப் பொறுப்பானவர்கள் ஓர் இழுவைப் படகை அனுப்பினார்கள். அது உறுமிக்கொண்டு ஒரு தரம் இழுத்ததில் தீவின் மேல்நுனி கேக் துண்டுபோலப் பிய்ந்து, இரண்டு பொப்ளார் மரங்களோடு தண்ணீரில் போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் படகு வரவில்லை.

மேயர் அம்மா ரப்பர் தோணியில் ஏறித் தானே தீவுக்குப் போனார். கெட்டவர் அல்ல அவர். எங்கள் அம்மன் கோயிலுக்கு, முன்பு கார் திருத்துகிற இடமாயிருந்த கட்டடத்தைத் தந்தவர். பவளராணியின் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை வரைதான் பொறுக்க முடியும். திங்கட்கிழமை இயந்திரம் வந்து தீவைத் துண்டு துண்டாக வெட்டி அள்ளிவிடும். உங்களுக்கு ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு தருகிறேன்."

"தீவை வெட்டினால் என்னையும் சேர்த்துத்தான் வெட்டவேண்டும்," என்றாள் பவளராணி, தன் பள்ளிக்கூடச் சமையலறைப் பிரெஞ்சில். "பூசணி கொஞ்சம் கொண்டுபோங்கள்."

மேயர் அம்மா மடியில் பூசணியோடு திரும்பி வந்தார். ஒன்பதாம் மாடி வீட்டின் சாவியைச் சிவநேசன் வாங்கிக்கொண்டார். அன்று பின்னேரம் அவர் கரையிலும் அவள் தீவிலுமாக நின்று கதைத்தது எங்கள் மாடிகள் முழுக்கக் கேட்டது, ஏனென்றால் தீவு அப்போது எங்களுக்கு நேரே வந்துவிட்டது, சன்னலைச் சாத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

"இஞ்சரப்பா, உயிர் முக்கியம். வீட்டைப் பிறகு பாக்கலாம்," என்றார் சிவநேசன். "ஒன்பதாம் மாடி நல்ல வெளிச்சம்."

"எழுவைதீவால வெளிக்கிடேக்கையும் இதைத்தான் சொன்னவை, வீட்டைப் பிறகு பாக்கலாமெண்டு. யாழ்ப்பாணத்தால வெளிக்கிடேக்கையும் சொன்னவை. பிறகு நான் எந்த வீட்டைப் பாத்தனான்?"

சிவநேசன் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நிலம் நிண்டது, நாங்கள் ஓடினனாங்கள். நிண்ட நிலத்தையெல்லாம் விட்டிட்டு ஓடி வந்தவள் நான். இப்ப நிலம் ஓடுது. இதையும் தனிய விட்டிட்டு வாவெண்டு சொல்லுறியளோ?"

"அணை கிட்ட வந்திட்டுது, பவளம்."

"தெரியுது. சத்தம் கேக்குது. நான் வரேல்லை."

அந்தச் சொல்லை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போட்டாயிற்று என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிவநேசன் அந்தக் கரையிலேயே குந்திவிட்டார். நான் சன்னலை விட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது எங்கள் அம்மனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆனி மாதக் கடைசியில் அவளுக்குத் தேர்த் திருவிழா. அதற்கு முந்தின கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த தேர்வடத்தை, தொடையளவு தடிப்பான கயிற்றை, இருபுறமும் ஆட்கள் பிடித்துச் சுமந்துவந்து, அந்தப் பழைய கரைப்பாதையில் நெடுக விரித்து வெயில் காட்டுவோம். அந்த வியாழக்கிழமையும் விரித்தோம். பாதையில் ஓடிப் பழகுகிறவர்கள் வழக்கம்போல அதைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். பவளராணி தன் வாசலில் நின்று அந்த வடத்தை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தாள்.

"குருக்களையா, அந்த வடத்தை எனக்குத் தாங்கோ," என்று கூப்பிட்டாள்.

பஞ்சாட்சரக் குருக்கள் கையில் மஞ்சள் தண்ணீரோடு நிமிர்ந்தார். கோயில் நிர்வாகத்தார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "என்ன பிள்ளை பேசுறாய், இது அம்மாளாச்சியின்ர வடம்," என்றார் தலைவர்.

"அம்மாளாச்சி ஒரு கிழமை பொறுப்பா. அணை பொறுக்காது."

"மனிசற்ர வீட்டை இழுக்கிறதுக்கோ தேர்வடம்?"

"வருசா வருசம் இத்தனை சனம் சேந்து தேரைச் சுத்தி இழுத்து, புறப்பட்ட இடத்திலயே கொண்டுவந்து விடுறியள். நான் கேக்கிறதும் அதைத்தான். புறப்பட்ட இடத்தில கொண்டுவந்து விடுங்கோ."

அந்த நேரம் பார்த்து, தொழிற்சாலையடியில் பெனிஷ் என்கிற நீள்படகில் குடியிருக்கிற ரெமி வந்து சேர்ந்தான். ரெமிக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. தன் பரம்பரையே தோளில் வார்ப்பட்டி கட்டிப் படகிழுத்த பரம்பரை என்று குடித்தால் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான், கேட்கிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவன் குந்தி வடத்தைத் தடவிப் பார்த்தான்.

"இயந்திரம் வெட்டி இழுக்கும், மண் பிய்யும். ஆட்கள் இழுத்தால் மெல்ல வரும், மண் தாங்கும். நான் வாழ்நாளில் எதையும் இழுத்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று சொல்வார்கள்: எதிர்நீரில் இழுக்கிறவன் நிற்கக் கூடாது. நின்றால் ஆறு திருப்பி எடுத்துக்கொள்ளும்."

அவன் சொன்னதைப் பிரெஞ்சு தெரிந்தவர்கள் தமிழாக்கினார்கள். குருக்கள் நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு, வெறுந்தேரை இழுக்கிற வழக்கம் இல்லை, இழுக்கிறதென்றால் உள்ளே ஆள் இருக்கவேண்டும் என்றார்.

"நான் எங்க போறன், உள்ளுக்குத்தானே இருக்கிறன்," என்றாள் பவளராணி.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே வடத்தின் ஒரு நுனியைப் படகில் கொண்டுபோய், தீவில் மிச்சமிருந்த பொப்ளார் மரங்களிலேயே மூத்ததற்கு மூன்று சுற்றுச் சுற்றி ரெமி முடிச்சுப் போட்டான். மறுநுனியைக் கரைப்பாதையில் நாங்கள் பிடித்தோம். எங்கள் மாடிச் சனம் முழுக்க வந்திருந்தது: சமையல்காரர், துப்புரவுக்காரர், மளிகைக் கடைக்காரர், வேட்டி கட்டினவர், ஜீன்ஸ் போட்டவர், சேலையைத் தூக்கிச் செருகினவர். மாடியிலிருந்து அல்ஜீரியரும் மாலிக்காரரும் இறங்கி வந்தார்கள், நடனச்சாலைப் பக்கமிருந்து போர்த்துக்கல்காரர் வந்தார்கள், தபால்காரர் வந்தார், பாதிரியார் அங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார், பெரிய வீட்டுக்காரர்கள்கூட, தங்களுக்கு எதிரே பழையபடி பச்சையாக ஏதாவது வேண்டுமென்று கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். மேயர் அம்மா நகரசபை அலுவலர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து, வடத்தின் கடைசியில் நின்று, சப்பாத்தைக் கழற்றினார். அன்றைக்கு நாள் நல்ல நாள்தான், நான் கலண்டரில் பார்த்தேன்.

குருக்கள் தேங்காய் உடைத்தார். மேளகாரர் அடித்தார். நாங்கள் முன்சாய்ந்தோம், வடம் தண்ணீரிலிருந்து எழும்பி நீர் சொட்ட விறைத்தது, முதலில் எதுவுமே நடக்கவில்லை, கால்கள் சரளையில் வழுக்கின, தோள்கள் கனத்தன, பிறகு எங்களுக்கே தெரியாமல் ஒரு அடி வைத்தோம், அந்த ஒரு அடிக்குப் பின்னால் இன்னோர் அடி இருந்தது, தீவு ஒரு பெருமூச்சு விட்டு அணையை விட்டு விலகி மேலே வரத் தொடங்கியது. பவளராணி வாசற்படியில் சிவப்புச் சேலையோடு நின்றாள். கோழிகள் அவளைச் சுற்றி நின்றன.

தொழிற்சாலையைத் தாண்டினோம், சிப்பிப் பொத்தான் துகள் காலுக்குக் கீழே நொறுங்கியது. நடனச்சாலைகளைத் தாண்டினோம், போர்த்துக்கல்காரரின் பெண்கள் வருடா வருடம் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துப் பழகினதால் வாசலில் மேசை போட்டு நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள்; நிறைகுடம் கண்ட வாசலில் தேர் நிற்கவேண்டும் என்பது எங்கள் காலுக்குள் ஊறிய வழக்கம், கால்கள் தாமாகத் தயங்கின, ரெமி பின்னாலிருந்து போ, போ, நிற்காதே என்று கத்தினான், நாங்கள் அம்மாளாச்சியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனோம். சூரியன் உச்சிக்கு வந்து சாய்ந்தது. முன்பு வெறும் படகுகளை இழுத்த மனிதர்கள் நடந்து நடந்து உண்டாக்கின அந்தப் பாதையில், அவர்கள் கால் வைத்த பள்ளங்களிலேயே எங்கள் கால்கள் விழுந்தன என்று எனக்குப் பட்டது. முன்னால் சிவநேசன் இழுத்தார். கோப்பை கழுவுகிற கை தோல் உரிந்து வடத்தில் சிவப்பாகப் படிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கதைக்கவில்லை, இழுத்தார்.

தேவாலயத்தையும் தாண்டிவிட்டோம். நடைபாலத்தின் நுனி தெரிந்தது. தீவு தன் பழைய இடத்துக்கு இன்னும் ஒரு பேருந்தின் நீளமளவே இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. தேர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பி வருகிற நேரம் தீபம் காட்டுவது குருக்களின் நாற்பது வருடப் பழக்கம். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தேர் கிட்ட வந்துவிட்டதைக் கண்டார், கை தானாகப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தியது, மணி அடித்தது, மேளம் உச்சத்துக்குப் போயிற்று. சுடரைக் கண்டதும் நாங்களும் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை தமிழர்களும், ஒரு ஆள் மிச்சமில்லாமல், கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துக் கும்பிட்டோம்.

இரண்டு கையையும்.

வடம் எங்கள் தோளை உரசிக்கொண்டு பின்னால் ஓடியது. தீவு ஒரு தரம் குலுங்கிக் கீழே இறங்கியது. கும்பிடத் தெரியாதவர்கள் மட்டுந்தான் இப்போது வடத்தில் தொங்கினார்கள்: மேயர் அம்மா, அவருடைய அலுவலர்கள், தபால்காரர், பாதிரியார், போர்த்துக்கல்காரர், அல்ஜீரியர், கையுறைக்காரர், ரெமி. அவர்கள் சேற்றில் குப்புற விழுந்து, குப்புற விழுந்தபடியே இழுபட்டார்கள், ஆனால் ஒருவரும் கையை விடவில்லை. பாதிரியார் வாய்க்குள் போன மண்ணோடு ஏதோ கூவினார். இவ்வளவும் எங்களுக்குப் பிறகு சொல்லித்தான் தெரியும், ஏனென்றால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

கண்ணைத் திறக்க வைத்தது பவளராணியின் குரல்.

"கும்பிட்டது காணும். கயித்தைப் பிடியுங்கோ."

தேரில் இருக்கிறவள் வாய் திறந்து பேசினால் கேட்கத்தானே வேண்டும். வெட்கத்தோடு பாய்ந்து பிடித்தோம். குருக்கள் கற்பூரத் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானும் வடம் பிடித்தார். நாங்கள் விட்ட இடைவெளியில் ஆறு தீவைப் பாதி திருப்பிவிட்டிருந்தது. திருப்பின படியே இழுத்தோம், சேறு பூசினவர்களும் பூசாதவர்களும் என்ற வித்தியாசம் கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போயிற்று, எல்லோரும் சேறானோம், கடைசியில் சரளையில் ஏதோ நெறுநெறுவென்று உட்கார்கிற சத்தம் கேட்டது, நடைபாலத்தின் நுனி தீவில் தொட்டது. வடத்தின் கரைநுனியை மேலே பெரிய பாலத்துப் பக்கக் கல்தூணில் ரெமி கட்டினான். அதன் பிறகுதான் கையை விட்டோம். இந்த முறை யாரும் கும்பிடவில்லை. நின்று மூச்சு வாங்கினோம்.

சிவநேசன் முதல் ஆளாகப் பாலத்தில் நடந்துபோனார். அவள் அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மஞ்சள் அரைத்தாள்.

தீவு திரும்பி உட்கார்ந்ததால், பெரிய வீடுகளைப் பார்த்திருந்த அவளுடைய வாசல் இப்போது எங்கள் மாடிகளைப் பார்க்கிறது. பெரிய வீட்டுக்காரர்களுக்கு அவளுடைய கோழிக்கூடு தெரிகிறது, அவர்கள் இன்னும் முறைப்பாடு செய்யவில்லை. வடத்தை அவிழ்க்க ஒருவருக்கும் துணிவு வராததால், அம்மன் அந்த வருடம் ரெமியின் படகுக் கயிற்றில்தான் தேர் ஏறி வந்தாள். ரெமிக்குத் தலைப்பாகை கட்டி அவனை முன்னுக்கு விட்டோம். தன் பரம்பரையைப் பற்றி அவன் சொல்வதை இப்போது எல்லோரும் கேட்கிறோம், இரண்டாம் தடவை சொல்லும்போதும் கேட்கிறோம். அன்றிலிருந்து திருவிழாவுக்கு முந்தின நாள், தீவின் வடத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேருக்குப் போகிறோம். குருக்கள் அப்போது கற்பூரத்தை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்.

கோடை முடிய, ஏதோ அலுவலாகப் பவளராணி நகரசபைக்குப் போனாள், வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் அன்றைக்கு வடத்தில் குப்புற இழுபட்டவர்களில் ஒருவர், முழங்கையில் தழும்பு இன்னும் இருந்தது. அவருக்கும் கேட்கவேண்டியதைக் கேட்கத்தானே வேண்டும்.

"இந்த வருடம் இடம் மாறினீர்களா, மதாம்?"

நான் பழக்கத்தில் அவளுடைய விரல்களைப் பார்த்தேன். அவள் ஒன்றையும் மடக்கவில்லை.

"இல்லை," என்றாள் பவளராணி, வரிசை முழுக்கக் கேட்கிற குரலில். "வீடு போய் வந்தது. நான் அங்கேயேதான் இருந்தேன்."